வழுதாவூர் வாசலிலிருந்து: புதுச்சேரியின் பழைய வரைபடங்கள்

பதினெட்டாம் நூற்றாண்டில் அச்சான புதுச்சேரி நகரப் படங்கள் பலவற்றில் கடல் கீழே கிடக்கும், மேற்கு மேலே போய்விடும். வடக்கைக் காட்டும் அம்பு வலப்பக்கம் திரும்பியிருக்கும். முதல்முறை பார்ப்பவருக்குத் தலை சுற்றும். கப்பல் தளத்தில் நின்று கரையைப் பார்க்கிறவன் கண்ணுக்கு ஊர் அப்படித்தான் தெரியும் என்பது புரிந்துவிட்டால் எல்லாம் நேராகிவிடும். முதலில் அலை, அடுத்து மணல், அதற்கு மேல் கோட்டை, அதற்கும் மேல் தெருக்கள். உச்சியில், படத்தின் சட்டத்தை முட்டிக்கொண்டு ஒரு மதில் வாசல். வழுதாவூர் வாசல் என்று அதற்குப் பெயர்.

பனமலை, விழுப்புரம், திண்டிவனம் பக்கத்து ஆட்களுக்கு அந்த வாசல்தான் ஊரின் தொடக்கம். நாம் மேற்கிலிருந்து போகிறவர்கள். ஏரிகளையும் கரும்புக் கொல்லைகளையும் தாண்டி, கடைசியில்தான் நமக்குக் கடல் வரும். வரைந்தவனுக்குப் படம் முடிகிற இடத்தில் நமக்கு ஊர் ஆரம்பிக்கிறது. இந்தத் திசை மாற்றத்தை மனத்தில் வைத்துக்கொண்டுதான் உள்ளூர் வரலாற்றில் ஆர்வமுள்ளவர்கள் இந்தப் படங்களை வாசிக்க வேண்டும் என்பது என் எண்ணம். இவை வணிகக் கும்பினிகளும் படைப் பொறியாளர்களும் தங்கள் தேவைக்கு வரைந்தவை. மதிலையும் பீரங்கி மேடையையும் பற்றி இவை சொல்வதை நம்பலாம். துணி நெய்தவரைப் பற்றியும், அந்தத் துணியை மாட்டு வண்டியில் ஏற்றி அனுப்பிய ஊர்களைப் பற்றியும் கேட்டால் பெரும்பாலும் பதில் வராது. அதற்கு வேறு ஏடுகளை நாட வேண்டும்.

படம் வருவதற்கு முன்பு பெயர்கள் வந்துவிட்டன. கிரேக்க மொழியில் எழுதப்பட்ட செங்கடல் வழிக் குறிப்பும் தாலமியின் நிலநூலும் இந்தக் கரையில் பொதுகே என்ற துறைமுகத்தைச் சொல்கின்றன. அதைப் புதுச்சேரிக்குத் தெற்கே அரியாங்குப்பம் ஆற்றோரத்து அரிக்கமேட்டோடு பொருத்துவது ஆய்வாளர்களிடையே பரவலான வழக்கம். அங்கே 1945இல் மார்ட்டிமர் வீலரும், அவருக்குப் பின் கசாலும், 1989 முதல் 1992 வரை விமலா பெக்லியும் அகழ்ந்தார்கள். அதற்கு முன்பே அந்த மேட்டின் மதிப்பை உணர்ந்து ஊரறியச் செய்தவர் ழுவோ துப்ரேய். பல்லவர் கலையைத் தேடி நம் பக்கத்துக் குன்றுகளில் ஏறி இறங்கிய அதே பிரெஞ்சுப் பேராசிரியர்தான். பனமலை தாளகிரீசுவரர் கோயிலின் அம்மன் ஓவியத்தை உலகம் அறியச் செய்தவர்களிலும் அவருக்கு இடமுண்டு. ஓய்மானாட்டு நல்லியக்கோடனைப் பாடும் சிறுபாணாற்றுப்படையில் வரும் எயிற்பட்டினம் இன்றைய மரக்காணம் என்பது அறிஞர் பலரின் முடிவு. அவனுடைய கிடங்கிலோ இன்று திண்டிவனத்துக்குள்ளேயே இருக்கிறது. பட்டினத்தையும் உள்நாட்டு ஊரையும் ஒரே தலைவனின் நாடாகப் பார்த்த அந்தப் புலவரின் பார்வை, பின்னால் வந்த ஐரோப்பிய வரைபடக்காரர்களிடம் காணாமல் போய்விட்டது.

புதுச்சேரியின் வரைபட வரலாறு செஞ்சியிலிருந்து தொடங்குகிறது என்று சொன்னால் சிலருக்கு வியப்பாக இருக்கலாம். 1673இல் பிரெஞ்சுக்காரர்களுக்கு இங்கே இடம் கொடுத்தவர் பீஜப்பூர் சுல்தானுக்காக வாலிகண்டபுரத்தில் இருந்து ஆண்ட ஷேர்கான் லோடி. அடுத்த ஆண்டு பிரான்சுவா மர்த்தேன் வந்து குடியேறினார். 1677இல் சிவாஜி செஞ்சியைப் பிடித்தார், ஷேர்கான் வீழ்ந்தார், மர்த்தேனின் குடியேற்றம் மராட்டியர் தயவுக்கு வந்தது. சிவாஜியின் மகன் இராஜாராம் செஞ்சிக் கோட்டைக்குள் முகலாயர் முற்றுகையில் அடைபட்டிருந்தபோது பணத்துக்குப் பெரும் தட்டுப்பாடு. 1693இல் புதுச்சேரி மீதான உரிமையை மராட்டிய அரசு டச்சுக்காரர்களுக்கு விற்றது. அந்த ஆண்டு செப்டம்பரில் டச்சுக் கப்பல்கள் வந்து ஊரைப் பிடித்தன. துறைமுகத்தின் தலையெழுத்து மலைக்கோட்டையில் எழுதப்பட்டது. கடலோரத்து நகரப் படத்தை மட்டும் விரித்து வைத்துக்கொண்டு இதைக் கண்டுபிடிக்க முடியாது.

பிடித்த கையோடு டச்சுக்காரர்கள் ஊரை அளந்தார்கள். 1694ஆம் ஆண்டின் அந்த வரைபடங்கள் நெதர்லாந்தின் தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. புதுச்சேரி ஆராய்ச்சியில் இவற்றுக்கு நிகரான ஆவணம் வேறொன்று எனக்குத் தெரியாது. காரணம் இதுதான். நேர்க்கோட்டுத் தெருக்கள், அவற்றைச் செங்குத்தாக வெட்டும் குறுக்குத் தெருக்கள், சதுரங்கப் பலகை போன்ற அமைப்பு என்று நாம் இன்று பெருமையோடு காட்டும் ஊர் வடிவம் முழுக்க முழுக்கப் பிரெஞ்சு மூளையில் உதித்தது என்று நெடுங்காலம் எழுதப்பட்டு வந்தது. சுற்றுலா வழிகாட்டிகள் இன்றும் அப்படித்தான் சொல்கிறார்கள். ஜான் தெலோஷ் அந்த டச்சுப் படங்களை ஆராய்ந்து 2004இல் வெளியிட்ட நூல் இந்தக் கதையைத் திருத்தியது. அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தன்போக்கில் வளர்ந்திருந்த குடியிருப்புகளின் மீது நேர்க்கோட்டுத் தெருக்களை முதலில் திட்டமிட்டவர்கள் டச்சுக்காரர்களே. ரிஸ்விக் உடன்படிக்கையின்படி 1699இல் ஊரைத் திரும்பப் பெற்ற பிரெஞ்சுக்காரர்கள் அந்தத் திட்டத்தைத் தொடர்ந்தார்கள், விரித்தார்கள். ஆறே ஆண்டு ஆண்டவர்களின் கோடு முந்நூறு ஆண்டு கடந்தும் அழியவில்லை.

தெலோஷைப் பற்றி ஒரு சொல். பழைய சாலைகளையும் பாலங்களையும் படகுகளையும் தேடி இந்தியா முழுக்கச் சுற்றியவர் அவர். புதுச்சேரியின் பழைய படங்களை ஆராய்ந்த கையோடு செஞ்சிக் கோட்டைக்கும் தனி நூல் எழுதினார். படத்தை மேசையில் விரித்ததோடு நில்லாமல் வெயிலில் நடந்து சரிபார்த்தவர். நம் வட்டாரத்தில் இந்தத் துறைக்கு வருகிறவர்கள் அவருடைய நூல்களிலிருந்தே தொடங்கலாம்.

1699க்குப் பிறகு வந்த படங்களில் கோட்டைதான் எங்கும் ஆட்சி செய்கிறது. ஐந்து கொத்தளங்களோடு ஐங்கோணமாக எழுந்த லூயி கோட்டையைப் பொறியாளர் நியோன் கட்டினார். இன்றைய பெல்ஜியத்தில், கோட்டைப் பொறியாளர் வோபான் கட்டிய தூர்னே கோட்டை அதற்கு முன்மாதிரி. கோட்டை முடிந்த 1706ஆம் ஆண்டின் கடைசி நாளில் மர்த்தேன் இறந்தார். இன்று பாரதி பூங்காவில் குழந்தைகள் ஓடியாடும் இடமும் அதைச் சுற்றியுள்ள பகுதியும்தான் அந்தக் கோட்டையின் நிலம். பின்னர் ஊரைச் சுற்றி மதில் வந்தது. வடக்கே சென்னை வாசல், தெற்கே கூடலூர் வாசல், மேற்கே வில்லியனூர் வாசலும் வழுதாவூர் வாசலும். வாசல்கள் போய்விட்டன, வழுதாவூர் சாலை இருக்கிறது. மதில் நின்ற வளையத்தில் இன்று புல்வார் சாலை ஓடுகிறது. செயற்கைக்கோள் படத்தைப் பார்த்தால் முட்டை வடிவில் அந்த வளையம் தெளிவாகத் தெரியும். பழைய படத்தையும் புதிய படத்தையும் ஒப்பிடத் தொடங்குகிறவருக்கு அது முதல் பிடிமானம்.

1748க்கு முந்தைய படங்களில் இயேசு சபையாரின் கோயிலை ஒட்டிப் ‘பகோத்’ என்று ஒரு கட்டடம் குறிக்கப்பட்டிருக்கும். (பிரெஞ்சுக் கணக்கேடுகளில் இதே சொல் வராகனையும் குறிக்கும். கோயிலா காசா என்பதை இடம் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.) அது வேதபுரீசுவரர் கோயில். பிந்தைய படங்களில் அது இல்லை. படம் இவ்வளவுதான் சொல்லும்: இருந்தது, இல்லை. நடுவில் என்ன நடந்தது என்பதை பிரெஞ்சுக் கும்பினியின் துபாசி ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பு சொல்கிறது. 1748 செப்டம்பரில், பாஸ்கவெனின் ஆங்கிலப் படை ஊரை முற்றுகையிட்டிருந்த சமயத்தில், பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளேயின் ஆட்சியில் அந்தக் கோயில் இடிக்கப்பட்டது. அந்த நாள்களின் வேதனையைப் பிள்ளை பதிவு செய்திருக்கிறார். 1736இல் தொடங்கி 1761 ஜனவரியில் தாம் இறக்கும் காலம் வரை அவர் எழுதி வந்தார். தெருப் பெயர், வீட்டு அடையாளம், வாசலில் யார் நுழைந்தார், எந்த ஊரிலிருந்து ஓலை வந்தது எல்லாம் அதில் உண்டு. வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு நாட்குறிப்பைப் படிப்பதைவிட, நாட்குறிப்பைப் படித்துக்கொண்டே வரைபடத்தில் விரலை நகர்த்துவதுதான் பயன் தரும் என்பது என் அனுபவம். கோடுகளுக்கு நடுவே ஆட்கள் நடமாடத் தொடங்குவார்கள். அவருடைய மாளிகை ரங்கப்பிள்ளை வீதியில் இன்றும் நிற்கிறது.

புதிதாக வருபவர்கள் பலரும் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. பழைய வரைபடம் என்று தேடினால் முதலில் கிடைப்பவற்றில் பெல்லேன் வெளியிட்ட புதுச்சேரிப் படம் ஒன்று. பிரெஞ்சுக் கடற்படை வரைபட அலுவலகத்தின் பொறியாளரான அவருடைய ‘சிறிய கடல் நிலப்பட’ வரிசை 1764இல் வந்தது. அழகான செதுக்கு, நேர்த்தியான தெருக்கள், தோட்டங்கள். ‘1764இல் புதுச்சேரி’ என்று அதன் கீழே எழுதிவிடத் தோன்றும். எழுதக் கூடாது. 1761 ஜனவரி 16 அன்று பிரெஞ்சுத் தளபதி லாலி ஆங்கிலேயரிடம் சரணடைந்தார். பிறகு கோட்டையையும் மதிலையும் வெள்ளையர் பகுதிக் கட்டடங்களையும் ஆங்கிலேயர் திட்டமிட்டு இடித்துத் தள்ளினார்கள். 1765இல்தான் ஊர் பிரெஞ்சுக்காரர் கைக்குத் திரும்பியது. ஆக, பெல்லேனின் படம் அச்சுக்குப் போன ஆண்டில் அந்தப் படத்தில் உள்ள கோட்டை வெறும் கல் குவியல். அச்சான ஆண்டு வேறு, அளந்த ஆண்டு வேறு. செப்புத் தகடு ஒருமுறை செதுக்கப்பட்டால் பல பதிப்புகளுக்கு உழைக்கும். ஒரு நாட்டுப் படத்தை மற்றொரு நாட்டு அச்சகத்தார் நகல் எடுப்பார்கள், பிழையும் சேர்ந்தே நகலாகும். எனவே ஒரு படம் கிடைத்ததும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, யார் நேரில் அளந்தது என்பது. நேரில் அளந்தவர்கள் பெரும்பாலும் படைப் பொறியாளர்கள். அவர்களுடைய கையெழுத்துப் படங்கள் பிரான்சில் எக்ஸ் நகரின் கடல்கடந்த நாடுகளின் ஆவணக் காப்பகத்திலும் பாரிசின் தேசிய நூலகத்திலும் உள்ளன. தேசிய நூலகத்தின் காலிகா தளத்தில் பலவற்றை வீட்டிலிருந்தே பெரிதாக்கிப் பார்க்கலாம். புதுச்சேரியிலேயே பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் இருக்கிறது. அது தென்னிந்தியாவின் வரலாற்று நிலப்படத் தொகுப்பு ஒன்றையும் உருவாக்கியிருக்கிறது.

நகரத்தைத் தாண்டி நாட்டைக் காட்டும் படங்களில் முன்னோடி தான்வீலின் 1753ஆம் ஆண்டுச் சோழமண்டலக் கரைப் படம். அவர் இந்தியாவுக்கு வந்ததே இல்லை. பாரிசில் உட்கார்ந்துகொண்டு, பாதிரிமார்களின் கடிதங்களையும் பயணக் குறிப்புகளையும் கப்பல் கணக்குகளையும் ஒன்றோடொன்று மோதவிட்டுத் தேறியதை மட்டும் வரைந்தார். தெரியாத இடத்தை வெறுமையாக விட்ட அவருடைய நேர்மையை நான் மதிக்கிறேன். தப்ரே தெ மன்விலெத்தின் ‘கீழைக் கடல் நெப்டியூன்’ வேறு வகை. 1745இல் முதலில் வந்த அந்தத் தொகுப்பு மாலுமிகளுக்கானது. புதுச்சேரியில் கப்பல் கரையை அணைய வழியில்லை. தூரத்தில் நங்கூரமிட்டு, சலங்குப் படகில்தான் ஆளும் சரக்கும் அலையைக் கடந்தாக வேண்டும். அதனால் அந்த வகைப் படங்களில் நிலத்தைவிட நீருக்கே மதிப்பு. எத்தனை பாகம் ஆழம், அடியில் மணலா சேறா என்பவைதான் அங்கே முக்கியம்.

முற்றுகைப் படங்களுக்கு வருவோம். நம் வட்டாரத்துக்கு அதிகம் கிடைப்பது இவற்றில்தான். 1760 ஜனவரி 22 அன்று வந்தவாசியில் லாலி தோற்றதும் ஆங்கிலத் தளபதி ஐர் கூட் கோட்டைகளை ஒவ்வொன்றாகப் பிடித்துக்கொண்டு கடலை நோக்கி இறங்கினார். திண்டிவனத்துக்குக் கிழக்கே பெருமுக்கல் குன்றுக் கோட்டை மார்ச் மாதம் விழுந்தது, அடுத்து ஆலம்பரை, பிறகு வழுதாவூர். ராபர்ட் ஓர்ம் எழுதிய போர் வரலாறும் அதனோடு வந்த படங்களும் இந்த நகர்வை ஊர் ஊராகப் பின்தொடர உதவுகின்றன. புதுச்சேரியை நெருங்கியதும் ஆங்கிலப் படங்களில் ஒரு புதிய கோடு வரும். அது எல்லை வேலி. மதிலுக்கு வெகு தொலைவில், வயல்களையும் சிற்றூர்களையும் உள்ளடக்கி, முட்செடியும் கற்றாழையும் நெருக்கி வளர்த்த உயிர்வேலி. பாதைகள் அதைக் கடக்கும் இடங்களில் சிறு காவல் கோட்டைகள் இருந்தன. பஞ்ச காலத்திலும் படை வரும் காலத்திலும் மாட்டையும் நெல்லையும் காப்பாற்றியது அதுதான். கல் மதிலைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியவர்கள் இந்தப் பச்சை மதிலைக் கவனிக்காமல் விட்டது பெரிய குறை. கிராமத்து ஆட்களுக்கு வேலி என்றால் என்னவென்று தெரியும். அந்தக் கோடு எந்த ஊர் எல்லை வழியாகப் போனது, எந்த இடப்பெயரில் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று தேடும் வேலை இனிமேல்தான் நடக்க வேண்டும்.

இந்தப் பெயர்களைப் பிரெஞ்சு எழுத்தில் கண்டுபிடிப்பதற்கே ஒரு பழக்கம் வேண்டும். உழவர்கரை ‘உல்காரே’ ஆகியிருக்கும், வழுதாவூர் ‘வல்தாவூர்’, கூடலூர் ‘கூதெலூர்’, பெருமுக்கல் ஆங்கிலப் படங்களில் ‘பெர்மாகோயில்’. வாய்விட்டுப் படித்தால் பாதி பெயர்கள் தாமாக அவிழும். பெருமுக்கல் போன்றவை அவிழாது. அங்கே திசையும் தொலைவும்தான் கை கொடுக்கும். புதுச்சேரி என்ற பெயரே ‘பொந்திசேரி’ ஆனதற்கு, கையெழுத்தில் ஒரு எழுத்து மற்றொன்றாக மயங்கியதே காரணம் என்பார்கள். 2006இல்தான் பழைய பெயர் சட்டப்படி திரும்பியது.

இடிபாடுகளின் காலத்துக்கு ஒரு சாட்சி இருக்கிறார். வெள்ளி, சூரியனைக் கடப்பதைக் காண வந்த வானியலாளர் கியோம் லெ ழந்தீல். 1761இல் அவர் வந்து சேருவதற்குள் ஊர் விழுந்துவிட்டது, கடப்பை நடுக்கடலில்தான் பார்க்க முடிந்தது. அடுத்த கடப்புக்காக 1768 மார்ச்சில் வந்திறங்கினார். இடிந்த கோட்டையின் மிச்சத்தின் மேல் அவருக்கு ஒரு வான்நோக்கு மேடை கட்டித் தந்தார்கள். 1769 ஜூன் 4 காலையில் மேகம் மூடிக்கொண்டது. உலகம் அவரை இந்த ஏமாற்றத்துக்காகவே நினைவில் வைத்திருக்கிறது. எனக்கு அவர் முக்கியமாவது வேறு காரணத்தால். காத்திருந்த மாதங்களில் புதுச்சேரியின் அகலாங்கையும் நெட்டாங்கையும் வானத்தை அளந்து கணக்கிட்டார். இங்குள்ள தமிழர் ஒருவரிடம் கிரகணம் கணிக்கும் முறையையும் கற்றுக்கொண்டார். பிற்பாடு 1802இல் ஆங்கில நில அளவையாளர் லாம்டன் பரங்கிமலையில் அடிக்கோடு அளந்து, கடலூர் அருகே திருவேந்திபுரம் வரை முக்கோணங்களை இறக்கிய பிறகு நிலத்தின் அளவு உறுதிப்பட்டது. அதற்கு முன் இந்தக் கரையை உறுதியாக வானத்தோடு கட்டிய கயிறுகளில் ஒன்று லெ ழந்தீலுடையது.

பழைய படத்தைக் கணினியில் இன்றைய படத்தின் மேல் பொருத்திப் பார்க்கும் இளைஞர்கள் இப்போது பெருகியிருக்கிறார்கள். மகிழ்ச்சியான செய்தி. அவர்கள் மறக்கக் கூடாதவை சில. பிரெஞ்சுப் படத்தில் நெட்டாங்கு பெரும்பாலும் பாரிசிலிருந்து எண்ணப்பட்டிருக்கும். அது கிரீனிச்சுக்கு 2 பாகை 20 கலை கிழக்கே. ஆகவே நாம் 79 பாகை 50 கலை என்று சொல்லும் புதுச்சேரி அங்கே 77 பாகை 30 கலையில் நிற்கும். அளவுகோல் துவாஸ் என்ற பழைய அலகில் இருக்கும், ஒரு துவாஸ் ஏறத்தாழ 1.95 மீட்டர். டச்சுப் படத்தில் ரைன்லாந்துக் கோல், சுமார் 3.77 மீட்டர். பொருத்துவதற்குக் கடற்கரையை அடையாளமாகக் கொள்ளவே கூடாது. கரை நகரும். 1980களின் இறுதியில் அரியாங்குப்பம் முகத்துவாரத்தில் துறைமுகத்துக்காகக் கல் தடுப்பு கட்டிய பிறகு, வடக்கே நகரத்து மணற்கரை எப்படிக் கரைந்தது என்பதை நம் தலைமுறையே பார்த்தது. புல்வாரின் வளைவு, தெருச் சந்திப்புகள், பெரிய வாய்க்கால், வில்லியனூர்க் கோயில் போன்ற இடம் மாறாதவற்றைப் பிடித்துக்கொள்ள வேண்டும்.

எல்லாம் செய்த பிறகும் படத்தில் வராதவர்கள் இருக்கிறார்கள். கப்பல் ஏறிய நீலத் துணிதான் இந்த ஊரின் செல்வம். அதை நெய்த தறிகளும், சாயத்துக்கு அவுரி விளைந்த கொல்லைகளும் பெரும்பாலும் மதிலுக்கு வெளியே, நம் பக்கத்தில் இருந்தன. நகரத்துக்குள்ளேயே வணிகர் தெருவுக்குப் பெயர் எழுதிய கை, ஊருக்கு வெளியே சேரியை வெறும் புள்ளிகளாக விட்டது. இந்த இடைவெளியை நிரப்ப நிலவரிக் காலத்துக் கிராம வரைபடங்களும் அ-பதிவேடும் புலப்படங்களும் வேண்டும். ஏரி, மதகு, களம், சுடுகாடு, சேரி, வண்டிப்பாதை எல்லாம் அங்கே தமிழ்ப் பெயரோடு இருக்கின்றன. எழும்பூர் ஆவணக் காப்பகத்தின் தென்னார்க்காட்டு ஏடுகளையும் புதுச்சேரியின் கதாஸ்தர் என்னும் நில அளவைக் கணக்கையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்து வாசித்தால்தான் முழு ஊர் கிடைக்கும்.

எல்லை விஷயத்தில் இது இன்னும் அவசியம். கடலூரில் 1690இல் ஆங்கிலேயர் எல்லையைப் பீரங்கிக் குண்டு விழுந்த தொலைவை வைத்து வகுத்தார்கள், குண்டு கிராமங்கள் என்ற பெயர் அதனால் வந்தது என்பது நம் பக்கத்தில் எல்லோரும் அறிந்த செய்தி. புதுச்சேரியின் எல்லை அப்படி ஒரே நாளில் விழவில்லை. வில்லியனூரும் பாகூரும் துய்ப்ளே காலத்தில், ஆர்க்காட்டு நவாப் சந்தா சாகிபின் அரசியல் கணக்கில் வந்து சேர்ந்தவை. 1761இல் போயின. 1783 வெர்சேல்ஸ் உடன்படிக்கை அந்தப் பகுதிகளைப் பெயர் சொல்லி மீட்டது. 1814 பாரிஸ் உடன்படிக்கை, 1792ஆம் ஆண்டின் முதல் நாளில் எது யாரிடம் இருந்ததோ அதுவே அளவு என்று வைத்தது. 1816இல் ஊர் கைமாறியபோது கிராமம் கிராமமாகப் பிரித்ததில், துண்டு துண்டாக ஒன்றுக்குள் ஒன்று புகுந்த எல்லை நிலைத்துவிட்டது.

விழுப்புரத்தில் புதுச்சேரி பேருந்தில் ஏறி ஜன்னலோரம் உட்காருங்கள். வளவனூர் தமிழ்நாடு. மதகடிப்பட்டில் கடைப் பலகைகளில் புதுச்சேரி என்று இருக்கும். திருபுவனை, திருவாண்டார்கோயில் வரை அப்படியே. கண்டமங்கலம் வந்ததும் மறுபடி விழுப்புரம் மாவட்டம். அரியூரில் மீண்டும் புதுச்சேரி, அடுத்தது வில்லியனூர்.